படுத்த படுக்கையானவரைப் பார்க்க யார் வருகிறார்கள்? வட கேரள ஊர்களின் முதுமைப் பராமரிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

முதியோருக்காக ஓர் ஊர் என்ன செய்து வைத்திருக்கிறது என்று கேட்டால் முதியோர் இல்லம், பென்ஷன், பேருந்தில் தனி இருக்கை என்று சொல்வோம். இவை எல்லாம் வேண்டும்தான். ஆனால் பக்கவாதம் வந்தோ இடுப்பெலும்பு முறிந்தோ ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் அந்த வீட்டின் தேவைகளே மாறிவிடுகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யார் புரட்டிப் படுக்க வைப்பது? சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? ராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மருமகளுக்கோ அரை நாள் ஓய்வு யார் கொடுப்பது? ஆஸ்பத்திரி "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடும். வீட்டுக்கோ எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாது.

இந்தக் கேள்விகளுக்கு ஊர் மட்டத்தில் ஒரு விடையைச் செய்து காட்டியவை கோழிக்கோடும் மலப்புரமும். முதுமைக்கு என்று யாரும் திட்டம் போட்டு அதைத் தொடங்கவில்லை. புற்றுநோய் வலியைக் குறைக்கக் கிளம்பிய ஒரு வேலை, அக்கம்பக்கத்தார் கைக்குப் போய், பிறகு ஊராட்சியின் கைக்கு வந்து, கடைசியில் முதியோர் பராமரிப்பின் முதுகெலும்பாக ஆனது. முதலில் ஊர், அதன் பின்னால் அரசு என்ற அந்த வரிசைதான் இதில் முக்கியம் என்பது என் கருத்து. வரிசை மாறியிருந்தால் இது இன்னொரு அரசுத் திட்டமாக மட்டும் நின்றிருக்கும்.

எண்ணிக்கை சொல்வது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6 விழுக்காடு. இந்தியா முழுவதற்கும் அது 8.6. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு 2021-க்குக் கேரளத்தில் 16.5 என்றும், 2031-க்கு 20.9 என்றும் மதிப்பிட்டது. அதாவது ஐந்தில் ஒருவர். தமிழ்நாட்டுக்கு அதே குழு சொன்ன அளவு 2021-இல் 13.6, 2031-இல் 18.2. கேரளம் 2021-இல் இருந்த நிலையைத் தாண்டி நாம் 2031-இல் நிற்போம். அதனால் அங்கே நடப்பதைப் பக்கத்து வீட்டுச் சேதியாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது.

காரணங்கள் தெரிந்தவைதான். கேரளத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை என்ற நிலை 1980-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அது சில ஆண்டுகள் தள்ளி வந்தது. ஆயுள் கூடியது. பிள்ளைகள் வெளியே போனார்கள். 2023-ஆம் ஆண்டின் கேரள இடம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் மலையாளிகளைச் சுமார் 22 லட்சம் என்று கணக்கிட்டது. பணம் மாதாமாதம் வந்துவிடும், ஆனால் நள்ளிரவில் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வராது.

கோழிக்கோட்டில் தொடங்கியது

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார், அவர்களுடைய நண்பர்கள் சிலர் சேர்ந்து வலி நிவாரணத்துக்கும், தீராத நோயாளியின் வேதனையைக் குறைத்து ஆதரவாக இருக்கும் பாலியேட்டிவ் பராமரிப்புக்கும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். முற்றிய புற்றுநோயோடு வருகிறவர்களை "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் அன்றைய வழக்கம். நோய் தீராது, சரி. வலியைத் தீர்க்க முடியுமே என்பது இவர்களுடைய வாதம்.

அதற்கு அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்பின் வேண்டும். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடத்தலைத் தடுக்கப் போய் மருந்தையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. ஒரு மருத்துவமனை மார்பின் வாங்கப் பல உரிமங்கள் வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். 1985-க்கும் 1997-க்கும் இடையில் இந்தியாவில் மருத்துவத்துக்கு மார்பின் பயன்படுத்துவது 97 விழுக்காடு சரிந்தது. அபின் விளைவிக்கும் நாடு இது. அதே நாட்டில் நோயாளிகள் வலியில் துடித்துச் செத்தார்கள். கேரளம் 1990-களின் இறுதியில் தன் விதிகளை எளிதாக்கியது. மத்தியச் சட்டம் திருந்த 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் ராஜகோபாலின் பங்கு பெரியது. 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மருந்து கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. நடக்க முடியாத நோயாளியை ஜீப்பில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு வருவதே ஒரு கொடுமை. ஒருமுறை வருவார்கள், அடுத்த முறை வர மாட்டார்கள். அதனால் மஞ்சேரி, நிலம்பூர் போன்ற மலப்புரத்து ஊர்களில் கிளை மையங்கள் வந்தன. அங்கே போன மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் வீட்டார் கேட்பது அரிசி. அதற்கடுத்த வாரம், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைப் பற்றி. அப்புறம், ஓடு பெயர்ந்து ஒழுகும் கூரையைப் பற்றி. டாக்டருக்கு இவற்றில் எதையும் தீர்க்கத் தெரியாது. பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரியும்.

அக்கம்பக்கம் உள்ளே வந்த விதம்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஒரு அமைப்பு வடிவம் கிடைத்தது. அக்கம்பக்க வலையமைப்பு என்று அதற்குப் பெயர். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தன் ஊர் நோயாளிகளுக்காக ஒதுக்கக் கூடியவர் யாராக இருந்தாலும் சேரலாம். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர், கடைக்காரர், ஓய்வு பெற்ற எழுத்தர் என்று எல்லாரும் சேர்ந்தார்கள். 16 மணி நேர வகுப்பும், நான்கு நாள் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து பேர் தேறியதும் ஒரு குழு. அந்தக் குழு முதலில் தன் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்கும். அதன் பிறகுதான் மருத்துவர், நர்ஸ், மருந்து எல்லாம்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழக்கமாக மருத்துவமனை ஒரு சேவையைத் தொடங்கும், அதற்கு உதவியாகத் தன்னார்வலர்களைக் கூப்பிட்டுக்கொள்ளும். இங்கே குழுதான் முதலாளி. மருத்துவரை அவர்கள் நியமித்தார்கள். நர்ஸுக்குச் சம்பளம் அவர்கள் கொடுத்தார்கள். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். யாருக்கு எது அவசரம் என்பது அந்தத் தெருவில் இருப்பவருக்குத்தானே தெரியும்.

பணமும் உள்ளூரிலேயே திரண்டது. கடைகளில் உண்டியல் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்த்தார்கள். ஒரு நாள் ஓட்டத்தில் கிடைத்த வசூலை அப்படியே கொடுத்த பேருந்துக்காரர்கள் உண்டு. வளைகுடாவில் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் குழுவுக்கு மாதாமாதம் அனுப்பினார்கள். பள்ளிவாசல்களில் சேரும் ஜகாத் பணமும் வந்தது. ஜனவரி 15 கேரளத்தில் பாலியேட்டிவ் பராமரிப்பு நாள். அன்று தெருத்தெருவாக வசூல் நடக்கும். பெரிய தொகையை ஒரே கையிலிருந்து வாங்குவதைவிடச் சிறு தொகையைப் பல கைகளிலிருந்து வாங்குவதில் ஒரு நன்மை உண்டு. ஒரு ரூபாய் போட்டவரும் "நம்ம பாலியேட்டிவ்" என்றுதான் பேசுவார், அந்த வேன் நான்கு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்பார்.

ஒரு வீட்டில் நடப்பது

வேன் ஏழெட்டு வீட்டுப் பட்டியலோடு காலையில் கிளம்பும். ஒரு நர்ஸ், ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் ஒருவர், ஒன்றிரண்டு தன்னார்வலர்கள், சில நாட்களில் வார்டு உறுப்பினர். நர்ஸின் பையில் இரத்த அழுத்தமானி, கையுறை, சிறுநீர்க் குழாய், மூக்குவழி உணவுக் குழாய், கட்டுத் துணி, வலி மாத்திரைகள், மலமிளக்கி. மார்பின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும் என்பதால் மலமிளக்கி இல்லாமல் இவர்கள் எங்கும் போவதில்லை.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த ஒரு மூதாட்டியின் வீடு என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் உள்ளே போனதும் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. "ராத்திரி உறக்கம் வந்ததா உம்மா?" என்றுதான் பேச்சு தொடங்கும். பிறகு மெதுவாகப் புரட்டி முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்ப்பார். படுக்கைப்புண் முதலில் சிவப்பாகத்தான் தெரியும். அந்த நிலையில் பிடித்துவிட்டால் ஆளை அடிக்கடி புரட்டிவிட்டே ஆற்றலாம். விட்டுவிட்டால் எலும்பு தெரியும் வரை போகும். புண் நாற்றமெடுத்திருந்தால் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்து அதன் மேல் தூவுவார்கள். சில ரூபாய் மாத்திரைதான். ஆனால் நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்க்காமல் இருந்த அறைக்குள் அவர்களைத் திரும்ப அழைத்து வருவது அதுதான். கட்டுத் துணிக்குக் கடைக்கு ஓட வேண்டாம், பழைய பருத்தி வேட்டியைத் துண்டு துண்டாக வெட்டி மடித்து குக்கரில் வைத்து ஆவி காட்டி எடுத்தால் போதும் என்று வீட்டாருக்குச் செய்து காட்டுவார்கள்.

காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் குழுவின் சொத்து. தேவைப்படும் வரை ஒரு வீட்டில் இருக்கும், பிறகு கழுவித் துடைத்து அடுத்த வீட்டுக்குப் போகும்.

நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது தன்னார்வலர் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அவருடைய வேலை அடுக்களையில் நடக்கிறது. பார்த்துக்கொள்ளும் மருமகளிடம் "நீ சாப்பிட்டியா? கடைசியா எப்போ அம்மா வீட்டுக்குப் போனாய்?" என்று கேட்பார். அழுகை அங்கேதான் வரும். மருந்துக் கடையில் பாக்கி, கணவன் அனுப்பும் பணம் போதாதது, நாத்தனாரோடு மனத்தாங்கல் எல்லாம் அப்போதுதான் வெளிவரும். அதில் சிலவற்றை ஊர்க் குழு தீர்க்கும், சிலவற்றைத் தீர்க்க முடியாது. ஆனால் அந்த வீட்டு விஷயம் வெளியே போகாது. பயிற்சியில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். எந்த மதத்தைப் பற்றியும் பேசக் கூடாது, நிறைவேற்ற முடியாத வாக்குக் கொடுக்கக் கூடாது என்பவையும் அதே வகுப்பில் உண்டு.

ஊராட்சி கையில் எடுத்தபோது

தன்னார்வக் குழுக்கள் எல்லா ஊரிலும் முளைக்கவில்லை. பணமும் ஆளும் உள்ள ஊரில் நன்றாக நடந்தது, இல்லாத ஊரில் நடக்கவில்லை. இந்த இடைவெளியை அடைக்க அரசு தேவைப்பட்டது. கேரளத்துக்கு அப்போது இருந்த ஒரு வசதி, அதற்கு முன்பே நடந்திருந்த அதிகாரப் பரவல். 1990-களின் நடுவிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராம ஊராட்சிகளின் பொறுப்புக்கு வந்துவிட்டன. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. அதனால் ஒரு ஊராட்சித் தலைவர் "நம்ம ஊரில் படுத்திருப்பவர்களுக்கு ஒரு நர்ஸ் வேண்டும்" என்று முடிவெடுத்தால் அதற்கு அவரிடம் பணமும் இருந்தது, மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசும் உரிமையும் இருந்தது.

2008 ஏப்ரலில் கேரள அரசு பாலியேட்டிவ் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. ஆசியாவில் ஓர் அரசு இப்படி ஒரு கொள்கை வெளியிட்டது அதுவே முதல் முறை. வீடும் சமூகமும்தான் பராமரிப்பின் அடித்தளம் என்று அது எழுதி வைத்தது. ஆரோக்கிய கேரளம் திட்டத்தின் வழியாக நிதியும் பயிற்சியும் வந்தன. மூன்று மாதப் பயிற்சி பெற்ற சமூக நர்ஸ் ஒருவரை ஊராட்சி ஒப்பந்தத்தில் எடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் செயல்படுத்தும் அலுவலர். ஊராட்சித் தலைவர் குழுவின் தலைவர். நர்ஸால் சமாளிக்க முடியாதவர்களைத் தாலுகா மருத்துவமனைக்கு அனுப்பலாம், அங்கும் முடியாவிட்டால் மாவட்ட மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரியோ. சில ஆண்டுகளில் மாநிலத்தின் 941 கிராம ஊராட்சிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இது போய்ச் சேர்ந்தது. கோழிக்கோட்டின் பாலியேட்டிவ் மருத்துவ நிறுவனம் 2010-இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமானது. 2019-இல் கொள்கையைத் திருத்தி எழுதினார்கள்.

இதில் நான் மதிக்கும் விஷயம், அரசு தன்னார்வக் குழுக்களைக் கலைத்துவிட்டுத் தன் திட்டத்தைக் கொண்டு வராததுதான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உரசல் இல்லாமல் இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு வேன் போவதும், இன்னொரு வீட்டுக்கு ஒன்றும் போகாததும் நடக்கும். கட்சிகளும் தங்களுக்கென்று பாலியேட்டிவ் குழுக்கள் நடத்துகின்றன. கட்சி வேன் வந்தால் ஓட்டுக்குத்தான் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு மாநிலத்தின் கட்சிகள் எல்லாம் படுக்கையில் இருப்பவருக்குப் புண் கட்டுவதில் போட்டி போடுகின்றன என்றால் அந்தப் போட்டி நடக்கட்டும் என்றே நான் சொல்வேன்.

புற்றுநோயிலிருந்து முதுமைக்கு

இந்த வேலை வேறொன்றாக மாறியதை ஊராட்சி நர்ஸின் பதிவேடு காட்டும். தொடங்கும்போது பட்டியலில் பெரும்பாலும் புற்றுநோய். இன்று அதில் இருப்பவர்களில் பெரும் பகுதி பக்கவாதம், எலும்பு முறிவு, நாள்பட்ட நுரையீரல் நோய், மறதிநோய், வெறும் தள்ளாமை. புற்றுநோயாளிக்குச் சில மாதப் பராமரிப்பு தேவைப்படும். பக்கவாதம் வந்த 70 வயதுக்காரருக்கு அது பத்து வருடமாகவும் ஆகலாம். வலியைவிடத் தனிமையும், வீட்டாரின் களைப்பும் பெரிய பிரச்சினைகளாகின்றன. புற்றுநோய்க்காகக் கட்டிய வலையமைப்பு இதற்குத் தாங்குமா என்ற கேள்விக்கு, ஊர் மட்டத்தில் ஆட்கள் இருந்ததால் தாங்கியது என்பதுதான் பதில். 2020-இல் கொரோனா வந்தபோதும் அந்த ஆட்கள்தான் கை கொடுத்தார்கள். வயதானவர்களை வெளியே விடாமல் வீட்டிலேயே காத்தபோது, அவர்கள் வாசலுக்கு மருந்தைக் கொண்டு போனவர்களில் இந்தத் தன்னார்வலர்களும் இருந்தார்கள். சாப்பாட்டை, கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் நடத்திய சமூக அடுக்களைகள் பார்த்துக்கொண்டன.

குடும்பஸ்ரீயையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1998 மே மாதம் மலப்புரத்தில்தான் பிரதமர் வாஜ்பாய் அதைத் தொடங்கி வைத்தார். பத்து முதல் இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம் அதன் அடி அலகு. பின்னாளில் முதியோருக்கே தனி அயல்கூட்டங்கள் வந்தன. ஹர்ஷம் என்ற பெயரில் பெண்களுக்கு முதியோர் பராமரிப்புப் பயிற்சி கொடுத்து, கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அனுப்பினார்கள். நகரங்களில் 65 வயது தாண்டியவர்களுக்கு வயோமித்ரம் என்ற நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் இலவசம்.

பிடிபடாமல் நழுவுவது

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

முதலாவது, இந்த வலையமைப்பு ஒருவரைப் பிடிப்பது அவர் படுக்கையில் விழுந்த பிறகு. விழுவதற்கு முன்னால், நடக்க முடிந்தும் பேச ஆளில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பத்து வருடங்களுக்கு அதில் இடமில்லை. அதற்காகத்தான் பகல் வீடுகள் கட்டினார்கள். காலையில் வந்து, சாப்பிட்டு, பேசி, மாலையில் வீடு திரும்பும் இடம். கட்டிடம் கட்டுவது ஊராட்சிக்குக் கைவந்த கலை. தினமும் முதியோரைக் கூட்டி வர வண்டி, சமைக்க ஆள், உடனிருக்க ஒரு பராமரிப்பாளர் என்று வருடா வருடம் செலவு செய்வதுதான் கஷ்டம். திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டியே கிடக்கும் பகல் வீடுகள் இருக்கின்றன. பாலியேட்டிவ் குழுவைப் போல ஊர் கேட்டு வந்ததாக இல்லாமல் திட்ட நிதி வந்ததால் கட்டியதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, நர்ஸ். ஒப்பந்த வேலை, குறைந்த சம்பளம், பல இடங்களில் ஒரு ஊராட்சி முழுவதற்கும் ஒரே ஆள். மாதத்துக்கு ஒருமுறைதான் ஒரு வீட்டுக்கு முறை வரும். அந்த இடைவெளியில் குழாய் அடைத்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். வாரக் கணக்கில் தன்னார்வலர் வந்து போகும் ஊரில் இது தெரியாது. நர்ஸ் மட்டுமே வரும் ஊரில் உடனே தெரியும். அரசு வந்ததும் "அதுதான் பஞ்சாயத்து பார்த்துக்கொள்கிறதே" என்று ஊர்க் குழு தளர்ந்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தொடக்க காலத்தில் இளைஞர்களாகச் சேர்ந்த தன்னார்வலர்களுக்கே இப்போது வயதாகிறது. கல்லூரி மாணவர்களைச் சேர்க்கும் முயற்சி நடக்கிறது. ஆனால் அவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

மூன்றாவது, பார்த்துக்கொள்ளும் பெண். எந்தக் குழு வந்தாலும் ஒரு மணி நேரம்தான் இருக்கும். மீதி இருபத்துமூன்று மணி நேரமும் மனைவியோ மகளோ மருமகளோதான். முழுநேரமும் படுக்கையாளரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உதவி உண்டு. ஒரு நாள் கூலியை விடக் குறைவு. அவருக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, அந்த வாரம் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்ள ஊரில் நான்கு படுக்கை இருந்தால் அது இந்த 600 ரூபாயைவிடப் பெரிய உதவி.

நான்காவதைப் புரிந்துகொள்ளக் கேரள வரைபடத்தில் தெற்கே இறங்க வேண்டும். மலப்புரம் கேரளத்தின் இளமையான மாவட்டம். 2001-க்கும் 2011-க்கும் இடையில் அங்கே மக்கள்தொகை 13 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. அதே பத்தாண்டில் பத்தனம்திட்டாவில் சுமார் 3 விழுக்காடு குறைந்தது. அந்த மாவட்டத்தின் கும்பநாடு போன்ற ஊர்களில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது ஒரு கிழவியும் ஒரு வேலைக்காரப் பெண்ணும் இருக்கிறார்கள். அங்கே பணம் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, கட்டண முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடிய நாற்பது வயதுக்காரர்தான் இல்லை. முதியோர் அதிகமாக இருக்கும் இடத்தில் இந்த முறை பிறக்கவில்லை, முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்த இடத்தில் பிறந்தது. ஆகவே ஊரில் இளையவர்கள் இன்னும் இருக்கும்போதே இதைத் தொடங்கியாக வேண்டும். காலி வீடுகள் பெருகிய பிறகு கூப்பிட்டால் யார் வருவார்கள்?

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது

நம்மிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. 1983-லேயே முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களைச் சத்துணவில் சேர்த்த மாநிலம் இது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டு வந்து கொடுக்கிறது. வலி நிவாரணப் பராமரிப்புக்கு நர்ஸும், இயன்முறை மருத்துவரும் வட்டார அளவில் அதில் இருக்கிறார்கள். சென்னை கிண்டியில் முதியோருக்கென 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அன்புச்சோலை என்ற பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன.

அப்படியானால் வேறுபாடு எங்கே? நம் திட்டங்கள் மேலிருந்து கீழே வருகின்றன, நன்றாகவும் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் இருக்கிறது, ஊராட்சித் தலைவருக்கு அதில் சொல் இல்லை. படுத்திருப்பவர் பட்டியலைத் துறை வைத்திருக்கும், ஊர் வைத்திருக்காது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோது, தன் தெருவில் கிடக்கும் பெரியவரைப் பற்றிச் சொல்ல வார்டு உறுப்பினர் என்ற ஆளே இல்லாமல் போனார்.

இருந்தாலும் ஊர்ப் பட்டியல் எடுப்பது நமக்குப் புதிதில்லை. 2005-இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில் கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்கள் மக்கள் நிலை ஆய்வு நடத்தி, மிக ஏழைகள் யார், மாற்றுத் திறனாளிகள் யார் என்று ஊரைக் கூட்டி வைத்தே தீர்மானித்தன. மகளிர் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். அதே முறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், ஒரு சிற்றூரில் வெளியே வர முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பார்த்துக்கொள்வது யார், தனியாக இருப்பது யார் என்று மாலைக்குள் எழுதிவிடலாம். இதற்கு அரசாணை தேவையில்லை. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மக்களைத் தேடி மருத்துவத்தின் நர்ஸிடம் போனால் அவர் பார்க்காத பெயர்கள் அதில் நிச்சயம் இருக்கும். 16 மணி நேரப் பயிற்சியை நடத்தத் தெரிந்த பாலியேட்டிவ் மருத்துவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். முதல் காற்று மெத்தையை வாங்க, மலப்புரத்தில் செய்தது போல, டீக்கடையில் ஒரு உண்டியல் வைக்கலாம்.